கால்கரிக்கு எத்தனை மணி நேரம்

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவன். கண்டங்களையும் தீர்க்கரேகைகளையும் தினமும் கரும்பலகையில் வரைகிறேன். ஆனாலும் தங்கை குடியிருக்கும் கால்கரி எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று, அவள் கனடா போய் ஆறு வருடம் கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். அவளுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த அன்று அது.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரம், கால்கரி என்று அடித்தேன். பதிமூன்றாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், ஏறக்குறைய பதினாறு மணி நேரம் என்று வந்தது. படத்தில் ஒரு சிவப்புக் கோடு எங்கள் கடற்கரையிலிருந்து நேரே வடக்கே ஏறி, துருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினாறு மணிக்கூர்தானா?” என்றாள். “காலத்த ஏறுனா ராத்திரி எறங்கிரலாம்.”

அப்படி ஒரு விமானமே கிடையாது, அது பறவைக்கான கணக்கு என்று விளக்க வேண்டியிருந்தது. உண்மையில் போகக்கூடிய வழி மூன்று விமானங்கள். முதலில் வளைகுடா, அங்கே ஏழு மணி நேரம் காத்திருப்பு, பிறகு டொராண்டோவுக்குப் பதினான்கு மணி நேரம், அங்கே மறுபடி ஒன்பது மணி நேரம், கடைசியாகக் கால்கரி. எல்லாம் சேர்த்து முப்பத்தொன்பது மணி நேரம். அம்மா அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. தமிழும் மலையாளமும் பேசுவாள், ஆங்கிலம் தெரியாது. வயது அறுபத்து நான்கு. சர்க்கரை நோய்க்கு இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவள்.

திருவட்டாறுக்குப் பக்கத்தில் எங்களுக்கு நூற்றைம்பது ரப்பர் மரம் உண்டு. அப்பா இறந்தபிறகு அவற்றில் அம்மாதான் பால் வெட்டுகிறாள். ஆள் வைக்கலாம் என்றால் கேட்க மாட்டாள். பிடிவாதம் அவளுக்கு உடம்போடு பிறந்தது. நான்கு வருடத்துக்கு முன் தங்கை, கூட வேலை பார்த்த பஞ்சாபிக்காரர் ஒருவரை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு படம் அனுப்பினாள். அம்மா படத்தைப் பார்த்தாள், கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். தேவாலய சபையில் எல்லோரும் கேட்பார்களே என்று அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. தங்கையின் பேச்சை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு தங்கையின் அழைப்பை ஒருமுறைகூட எடுக்கவில்லை. நான் மட்டும் பள்ளிக்கூட மாடிப்படியில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த அக்டோபரில் தங்கை கூப்பிட்டு, தலைக்குள் வலது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி இருக்கிறதாம் என்றாள். புற்று இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்தே ஆக வேண்டும். மறுநாள் காலை அம்மா வெட்டி வந்த ரப்பர் பாலை உறைய வைக்கத் தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. மிச்சமிருந்த தட்டுகளையும் ஊற்றி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“பாஸ்போட்டு எடுக்க என்ன செய்யணும்?”

முதலில் ஃபோனில் இரண்டு வார்த்தை பேசுங்கள், அவளுக்கு அதுவே பெரிய தெம்பு என்று கெஞ்சினேன். அம்மா தலையை ஆட்டினாள்.

“பேச வேண்டியத நேருல போய் பேசிக்கிடுதேன். போனுல வேண்டாம்.”

அவள் எனக்குச் சொல்லாத காரணம் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஃபோனில் அழுதால் துடைக்க ஆளிருக்காது என்று நினைத்தாளோ, அல்லது முதலில் தோற்றவள் தான் என்று ஆகிவிடும் என்று நினைத்தாளோ, தெரியாது. நானும் அவளுக்கு ஒன்றைச் சொல்லவில்லை. கட்டியை எடுக்கும்போது வலது காதின் கேட்கும் நரம்பும் போய்விடும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். தங்கை அதை என்னிடம் அமைதியாகத்தான் சொன்னாள். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. “அண்ணே, அதுக்கு முந்தி அம்மைக்க சத்தத்த ரெண்டு காதுலயும் கேக்கணும். அம்ம வந்திருவாளா?”

வந்துவிடுவாள் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

பாஸ்போர்ட் வந்தது. விசா வராமல் இழுத்தது. அறுவை சிகிச்சைக்குப் பத்து நாள் இருக்கையில்தான் அதுவும் வந்தது. வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தங்கையை அறுவை அரங்குக்குள் கொண்டுபோவார்கள். அம்மா கால்கரியில் இறங்குவது புதன்கிழமை நண்பகல். கிட்டத்தட்ட இருபது மணி நேரம் மிச்சம் இருக்கிறது, போதும் என்று கணக்குப் போட்டு நானே பயணச்சீட்டை எடுத்தேன். டிசம்பரில் அந்தப் பக்கம் பனி விழும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

அம்மாவின் கைபேசி வெளிநாட்டில் வேலை செய்யாது என்பதால், ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குச் சர்க்கரை நோய், என் அடுத்த விமானம் இன்னது, தயவுசெய்து இந்த எண்களை அழையுங்கள். சக்கர நாற்காலிக்கும் சொல்லி வைத்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தினமும் மலைச்சரிவில் நூற்றைம்பது மரம் ஏறி இறங்குகிறவளுக்கு நாற்காலி எதற்கு என்றாள். நாற்காலி நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் இல்லை, வழி தெரியாதவர்களுக்கும்தான் என்றேன். என் மனைவி கைப்பையில் இன்சுலின் பேனாவைக் குளிர்ப்பையோடு வைத்து, கூடவே வெல்லம் போட்ட முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு விமானம் கிளம்பியது. வளைகுடாவிலிருந்து அங்கிருந்த ஊழியர் ஒருவரின் ஃபோனில் அம்மா கூப்பிட்டாள். நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள், கால் மரத்துப்போச்சு என்றாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. எனக்கு அறைக் கண்காணிப்பு. ஒன்பதே முக்கால் மணிக்கு ஆசிரியர் அறையில் கைபேசியை வைத்துவிட்டுப் போகுமுன் ஒருமுறை பார்த்தேன். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடத்தில், அம்மா ஏறிய விமானம் கனடாவின் மேல் ஒரு மஞ்சள் பொம்மைபோல ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்க ஒரு மணி நேரம் இருந்தது.

மூன்றே கால் மணி நேரம் பிள்ளைகளுக்கு இடையே நடந்தேன். ஒன்றே காலுக்கு விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து கைபேசியை எடுத்தபோது தங்கை கணவரிடமிருந்து பதினேழு தவறிய அழைப்புகள் இருந்தன. கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு செய்தி. டொராண்டோவில் பனிப்புயல், விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள், கூப்பிடுங்கள்.

அவரோடு நான் அதுவரை சரியாகப் பேசியதில்லை. தங்கை ஃபோனைக் கொடுத்தால் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். அன்று கூப்பிட்டதும் எடுத்தார். பல் கிட்டித்துப் பேசினார், சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. எனக்கு முதலில் பயமாக இருந்தது, அழுகிறாரோ என்று. பிறகுதான் புரிந்தது. தங்கைக்குத் தெரியக் கூடாது, அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவிடுவார்கள் என்று வீட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்து பேசுகிறார். அங்கே அப்போது நடுநிசி தாண்டி, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. எஞ்சினைப் போட்டால் சத்தத்தில் அவள் எழுந்துவிடுவாள் என்று அதையும் போடவில்லை.

விமானம் டொராண்டோவிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, பிரெஞ்சு பேசும் ஒரு நகரத்தில் இறங்கியிருந்தது. பயணிகளை இன்னும் கீழே விடவில்லை என்றார். தெரிந்ததும் சொல்கிறேன் என்றார்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கைபேசியைப் பார்த்தேன். மனைவி சோறு போட்டாள், நான் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி இன்சுலினைப் பற்றித்தான். இறங்குமுன் சாப்பாடு தருவார்கள் என்று நம்பி அம்மா ஊசியைப் போட்டிருந்தால்? போட்டபிறகு சாப்பாடு வராமல் போயிருந்தால்? ஊசி போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிடாவிட்டால் அம்மாவுக்குக் கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறும். இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்தில் அப்படி ஒருமுறை விழுந்து கிடந்திருக்கிறாள்.

மூன்று மணிக்குப் பயணிகளை இறக்கிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. எல்லோரையும் பேருந்தில் விடுதிகளுக்கு அழைத்துப் போகிறார்களாம். நான் விமானக் கம்பெனியின் எண்ணைப் பிடித்து, நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்தாள். மரியாதையாகப் பேசினாள். அவளுக்கு எங்களைவிட எதுவும் கூடுதலாகத் தெரியவில்லை. நாலரை மணிக்குத் தங்கை கணவர் மறுபடி கூப்பிட்டார். இந்தமுறை குரல் வேறு மாதிரி இருந்தது.

அம்மா எந்த விடுதியின் பட்டியலிலும் இல்லை. நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்த ஊழியர் வண்டி ஏற்பாடு செய்யப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்ததாம். யாரோ உறவினர் வந்து அழைத்துப் போயிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

நான் அவர்மேல் கத்தினேன். அவர் என்ன செய்வார் என்று தெரிந்தும் கத்தினேன். ஒரு கிழவியை எப்படித் தொலைப்பார்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள், போலீசுக்குச் சொன்னீர்களா. நான் முடித்தபிறகு அவர், விமான நிலையப் போலீசுக்குச் சொல்லியாயிற்று, அம்மாவின் புகைப்படமும் அனுப்பியாயிற்று, சர்க்கரை நோய் என்று மூன்று தடவை சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு, அம்மா என்ன நிறத்தில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மனைவிதான் பக்கத்திலிருந்து, நீலம், பிள்ளையுடைய பழைய நீல ஸ்வெட்டர் என்றாள். தங்கை கல்லூரிக்குப் போனபோது போட்டது. அம்மா அதை எப்போது எடுத்து வைத்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் செய்த காரியம் எதுவும் எதற்கும் உதவவில்லை. முற்றத்தில் நடந்தேன். சார்ஜரில் போட்டபடியே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்குளிரில் அம்மா கட்டிடத்துக்கு வெளியே போய்விட்டிருந்தால் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்து, அதை இனிச் சொல்லாதீர்கள் என்றாள்.

ஏழு மணிக்கு ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல். தமிழ், ஆனால் எங்கள் தமிழ் இல்லை.

“தம்பி, நான் இஞ்ச எயார்போர்ட்டில வேலை செய்யிறனான். உங்கட அம்மா என்னோட நிக்கிறா. பயப்பிடாதேங்கோ.”

அவர்கள் தமிழில் நிக்கிறா என்றால் கூட இருக்கிறாள் என்று அர்த்தம், எனக்கு அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறவில்லை. ஏன் நிற்கிறாள், உட்கார வையுங்கள், அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று படபடவென்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். இருக்கிறா தம்பி, கதிரையில இருந்து ஜூஸ் குடிக்கிறா என்றார்.

நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னதிலிருந்துதான் கோர்வையாகத் தெரிந்துகொண்டேன். மனைவி பயந்தபடிதான் ஆகியிருந்தது. சாப்பாட்டு வண்டி வருவதைப் பார்த்து ஊசியைப் போட்டிருக்கிறாள், விமானம் குலுங்கியதும் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். கை நடுங்க ஆரம்பித்ததும் முந்திரிக்கொத்தை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தின்றிருக்கிறாள். கீழே இறங்கி நாற்காலியில் இருந்தபோது தண்ணீர் தவித்தது, கழிவறைக்கும் போக வேண்டியிருந்தது. யாரிடமும் கேட்கத் தெரியவில்லை. எழுந்து போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. எல்லாக் கதவும் ஒன்றுபோல இருந்ததாம். அட்டையைக் காட்டிய இரண்டு பேர் ஏதோ சொல்லிக் கையை நீட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு கழிவறைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். பைக்குள் மிச்சமிருந்ததைத் தின்றபடி காலைவரை அங்கேயே இருந்திருக்கிறாள். விடிந்தபிறகு மறுபடி நடுக்கம் வந்தது. தண்ணீர் பிடிக்க உள்ளே போனாள். கைகாட்டினால் வரும் குழாய், இவள் திருகுவதற்குப் பிடி தேடியிருக்கிறாள். இதுல எதையாக்கும் திருகுகது என்று குழாயிடம் சண்டை போட்டது, பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணின் காதில் விழுந்தது.

ஃபோனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவின் குரல் தளர்ந்திருந்தது, ஆனால் குழறவில்லை.

“மக்கா, நான் எங்க இருக்கேன்? இது பிள்ள இருக்க ஊரு இல்லியா?”

இல்லை என்றேன். அதற்குள் தங்கை கணவரிடமிருந்து இன்னொரு செய்தி வந்திருந்தது. புயலால் அன்றைய விமானங்கள் எல்லாம் ரத்து. முதல் விமானம் வியாழன் காலை ஏழே காலுக்கு. கால்கரியில் இறங்கும்போது அங்கே மணி பத்தே கால் ஆகும். நான் மிச்சம் என்று வைத்திருந்த நேரம் முழுவதும் போய்விட்டது. அம்மா போய்ச் சேருமுன் அவளை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

அதை அம்மாவிடம் சொன்னேன். பிறகு, இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன். நாளைக்கு அப்புறம் அவளுக்கு வலது காது கேட்காது. அதற்கு முன்னால் உங்கள் சத்தத்தை இரண்டு காதிலும் கேட்க வேண்டும் என்றாள். அதற்குத்தான் இவ்வளவு அவசரப்பட்டேன்.

மறுமுனையில் ஒலிபெருக்கியில் யாரோ பிரெஞ்சில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கோபப்படுவாள், ஏன் மறைத்தாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“நம்பரச் சொல்லு,” என்றாள்.

அட்டையிலேயே இருக்கிறது, இரண்டாவது எண் என்றேன். அழைப்பு அறுந்துபோயிற்று.

அப்போது கால்கரியில் காலை ஆறரை. தங்கை விழித்துத்தான் இருந்தாள். ஏதோ நடக்கிறது என்று அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது, கணவர் காருக்கும் வீட்டுக்குமாக நடப்பதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்து, வழக்கம்போல இடது காதில் வைத்து, யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாளாம்.

“மக்களே, வல்லதும் தின்னியா?” என்றது அம்மாவின் குரல், ஏதாவது சாப்பிட்டாயா என்று. பிறகு அம்மா சொன்னாள்: “மற்ற காதுல வையி.”

அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று தங்கை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐம்பது நிமிடம் பேசினார்கள் என்று அந்த யாழ்ப்பாணத்துப் பெண் எனக்கு மறுபடி கூப்பிட்டபோது சொன்னார். அவருடைய வேலை நேரம் முடிந்துவிட்டிருந்தது. ஃபோனை வாங்கிக்கொண்டு போகாமல் தள்ளி நின்றிருக்கிறார். விடுதிக்கு அம்மாவோடு கூடவே போனதும், சாயங்காலம் வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து அவள் சாப்பிட்டபிறகு ஊசி போடுகிறாளா என்று பார்த்ததும், மறுநாள் விடியற்காலை விமானம் ஏறும் வாசல்வரை கொண்டுவிட்டதும் அவர்தான். நன்றி சொன்னால், அதை விடுங்கோ என்று பேச்சை மாற்றினார்.

வியாழன் நானும் மனைவியும் ஒரு விமானத்துக்கும் ஓர் அறுவை சிகிச்சைக்கும் ஒரே நேரத்தில் காத்திருந்தோம். அம்மா வீட்டிலிருந்து பறந்து அறுபத்தொரு மணி நேரம் கழித்து இறங்கினாள். தங்கை கணவர் மருத்துவமனையை விட்டு வர முடியாததால் ஒரு நண்பரை அனுப்பியிருந்தார். அம்மா காத்திருப்பு அறைக்குள் நுழைந்ததும் அவர் எழுந்து அவள் காலைத் தொட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. மூன்று மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர் தூங்கி அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாராம். இரண்டு ராத்திரி உறங்காத பிள்ளை, எழுப்ப மனசு வரவில்லை, தோள் கழன்றுபோச்சு என்று அம்மா பிறகு என்னிடம் குறைபோலச் சொன்னாள்.

கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மருத்துவர்கள் சொன்னபடியே வலது காது போயிற்று. முகத்தின் அந்தப் பக்கம் சில மாதம் கோணியிருந்து, மெல்லச் சரியானது. தங்கை கண் திறந்தபோது அம்மா கட்டிலுக்கு வலப்பக்கம் நின்றிருந்தாள். ஏதோ சொன்னாள், தங்கை திரும்பவில்லை. மருமகன் அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகக் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்.